நெஞ்சில் கோத்த நீர்

மதுரையில் அந்த ஆய்வகத்துக்குக் காலையில் வந்து சேரும் மாதிரிகளில் லேப் மேடம் முதலில் கையில் எடுப்பது நெஞ்சிலிருந்து இழுத்த நீரைத்தான். ரத்தம் வீணாகிப்போனால் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம். விலா இடுக்கில் ஊசி குத்தி எடுத்த நீரை மறுபடி அனுப்புங்கள் என்றால் நோயாளியும் முறைப்பார், எடுத்த டாக்டரும் முறைப்பார்.

'லேப் மேடம்' என்பது சுற்றுவட்டார டாக்டர்கள் அவருக்கு வைத்த பெயர். உயிர்வேதியியலில் எம்.டி. முடித்து, அரசு மருத்துவக் கல்லூரியில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, தனியார் ஆய்வகம் ஒன்றின் பொறுப்புக்கு வந்தவர். தேனி, விருதுநகர், ராமநாதபுரம் என்று பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் அங்கே மாதிரிகள் வருகின்றன. நோயாளியின் முகத்தை அவர் பார்ப்பது அபூர்வம். டியூபும் அதோடு கட்டிய ஒரு சீட்டும்தான் அவருக்குத் தெரியும். அந்தச் சீட்டில் அடிக்கடி தென்படும் வரி, 'ப்ளூரல் ஃப்ளூயிட் - ட்யூமர் மார்க்கர்ஸ்', அதாவது நெஞ்சு நீரில் புற்றுநோயின் தடயப் பொருட்களைத் தேடிப் பாருங்கள் என்பது. எந்த மார்க்கர், என்ன சந்தேகம், செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் சைட்டாலஜிக்குப் போயிற்றா என்று வேறு எதுவும் இருக்காது. மேடம் போனை எடுப்பார்.

"டாக்டர், எந்த மார்க்கர் வேணும்?"

"எல்லாத்தையும் போட்டுடுங்க மேடம். ஏதாவது ஒண்ணு மாட்டும்."

இந்த 'ஏதாவது ஒண்ணு மாட்டும்' என்பதோடுதான் அவருக்குப் பல வருடச் சண்டை.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உண்டு. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, மற்றது விலாவின் உட்புறத்தோடு ஒட்டியது. மூச்சு விடும்போது இரண்டும் உரசாமல் வழுக்கிக்கொண்டு போக நடுவில் கொஞ்சம் ஈரம் இருக்கும். அறுபது கிலோ எடையுள்ள ஆளுக்கு அது மொத்தமே 15 மில்லி அளவுதான். ஊறுவதும் வடிவதும் சமமாக இருக்கும்வரை தொல்லையில்லை. இதயம் தளர்ந்தாலோ, காசநோய்க் கிருமி உறையில் இறங்கினாலோ, நிமோனியா முற்றினாலோ, புற்றுநோய்ச் செல்கள் உறையில் பரவி வடிகாலை அடைத்தாலோ நீர் தேங்கத் தொடங்கும். ஏறத்தாழ 200 மில்லி சேர்ந்த பிறகுதான் நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் விலாவும் உதரவிதானமும் சேரும் மூலை மழுங்கித் தெரியும். லிட்டர் கணக்கில் சேர்த்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. "ஒரு பக்கமாப் படுத்தாத்தான் மூச்சு வருது" என்பார்கள்.

டியூபை சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது மேடத்தின் பழக்கம். பால் வெள்ளையாக இருந்தால் நெஞ்சுக்குள் நிணநீர்க் குழாய் எங்கோ உடைந்திருக்கிறது, காரணங்களில் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும் ஒன்று. மூடியைத் திறந்ததும் நாறினால் சீழ். வைக்கோல் நிறத்தில் தெளிவாக வந்து, வைத்த சற்று நேரத்தில் அடியில் நூல்நூலாகத் திரிந்தால் ஃபைப்ரின் அதிகம். அதை நீக்காமல் அனலைசரில் வைத்தால் ஊசிமுனை அடைத்துக்கொள்ளும். ரத்தச் சிவப்பாக வந்ததைப் பார்த்ததும் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்கள் 'கேன்சர்' என்று கிசுகிசுப்பார்கள். காசநோயிலும் நீர் சிவக்கும், நுரையீரல் ரத்தக்குழாய் அடைத்தாலும் சிவக்கும் என்று அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

நீர் எந்த வகை என்று பிரிப்பது முதல் வேலை. 1972இல் ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 150 நெஞ்சு நீர் மாதிரிகளை ஆராய்ந்து வகுத்த அளவுகோல்தான் இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. நீரிலுள்ள புரதம் ரத்தத்திலுள்ளதில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். அல்லது எல்.டி.எச். என்ற நொதி ரத்தத்திலுள்ளதில் 0.6 பங்குக்கு மேல் இருக்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் அந்த நொதி, ரத்தத்துக்கான இயல்பு உச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியிருக்க வேண்டும். இதில் ஒன்று பொருந்தினாலும் அது எக்ஸுடேட், அதாவது உறையே நோய்ப்பட்டிருக்கிறது. எதுவும் பொருந்தாவிட்டால் டிரான்ஸுடேட். அங்கே பெரும்பாலும் இதயமோ கல்லீரலோ சிறுநீரகமோ காரணமாக இருக்கும், மார்க்கருக்கு அநேகமாக வேலையில்லை. இந்த ஒப்பீட்டுக்கு நீரோடு சேர்த்து அதே நாள் ரத்தமும் வேண்டும். ரத்தம் இல்லாமல் நீர் மட்டும் வந்தால் மேடத்துக்கு வரும் கோபம் ஆய்வகத்தில் பிரசித்தம்.

எக்ஸுடேட் என்றும், அதிலுள்ள வெள்ளணுக்களில் லிம்ஃபோசைட்தான் மிகுதி என்றும் தெரிந்துவிட்டால், இந்தப் பக்கத்து டாக்டர் மனதில் முதலில் வருவது டி.பி. அதில் தப்பில்லை. உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையை வைத்து ஒரு ரயில் நிலையத்துக்கே தாம்பரம் சானடோரியம் என்று பெயர் வந்த மாநிலம் இது. காசநோய் நீரைக் கண்டுபிடிக்க ஏ.டி.ஏ. என்ற மலிவான, நல்ல பரிசோதனையும் கையில் இருக்கிறது. லிட்டருக்கு 40 யூனிட்டுக்கு மேல் போனால் டி.பி. பக்கம் சாயலாம். 70, 80 என்று ஏறினால், சீழும் லிம்போமாவும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, மருந்தைத் தொடங்கிவிடலாம்.

தொல்லை நடுவில் இருப்பவர்களிடம். ஏ.டி.ஏ. 25, 30 என்று நிற்கிறது. சைட்டாலஜி அறிக்கையில் 'புற்றுநோய்ச் செல்கள் காணப்படவில்லை' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, "கேன்சர் இல்லை, டி.பி. மருந்து போட்டுப் பார்ப்போம்" என்று ஆறு மாத மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். காணப்படவில்லை என்றால் இல்லை என்று ஆகிவிடாது. 2018இல் வெளிவந்த பிரிஸ்டல் மருத்துவர்களின் ஆய்வில், புற்றுநோயால் நீர் கோத்தவர்களில் 46 விழுக்காட்டினரிடம்தான் சைட்டாலஜி அதைக் காட்டிக்கொடுத்தது. எந்தப் புற்றுநோய் என்பதைப் பொறுத்து இது தலைகீழாக மாறும். சினைப்பைப் புற்றுநோயில் 95 விழுக்காடு, நுரையீரல் உறையிலேயே பிறக்கும் மீசோதீலியோமாவில் வெறும் 6. அனுப்பும் அளவும் முக்கியம். சைட்டாலஜிக்கு 25 முதல் 50 மில்லியாவது வேண்டும். ஒன்றரை லிட்டர் இழுத்து வாளியில் ஊற்றிவிட்டு, இரண்டு மில்லியை ஊசியோடு அனுப்புகிற இடங்களும் இருக்கின்றன.

இந்த நடுவில் நிற்கிறவர்களுக்காகத்தான் மேடம் சி.இ.ஏ.வை மதிக்கிறார்.

1965இல் மான்ட்ரியாலில் ஃபில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் இருவரும் பெருங்குடல் புற்றுக்கட்டியில் ஒரு பொருளைக் கண்டறிந்தார்கள். அதே பொருள் கருவிலிருக்கும் சிசுவின் குடலிலும் இருந்தது. அதற்குக் கார்சினோ எம்ப்ரியானிக் ஆன்டிஜென் என்று பெயரிட்டார்கள், சுருக்கமாக சி.இ.ஏ. குடல் புற்றுநோயைக் கண்டுபிடிக்க இனி கொஞ்சம் ரத்தம் போதும் என்று பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. அது நடக்கவில்லை. புகைபிடிப்பவர்களுக்கும் ஏறியது, குடல் அழற்சிக்கும் ஏறியது, கல்லீரல் கோளாறுக்கும் ஏறியது. சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்புகிறதா என்று கண்காணிப்பதுதான் ரத்தத்தில் அதன் முக்கிய வேலையாக நிலைத்தது.

நெஞ்சு நீரில் கதை வேறு. சி.இ.ஏ.வைச் சுரப்பவை சுரப்பித் திசுவைச் சேர்ந்த எபிதீலியச் செல்கள். நுரையீரல் உறையைப் போர்த்தியிருக்கும் மீசோதீலியச் செல்கள் அதைச் சுரப்பதில்லை. மூலக்கூறும் பெரியது, ஏறத்தாழ 1,80,000 டால்டன். ரத்தத்திலிருந்து சுலபத்தில் நீருக்குள் இறங்கிவிடாது. ஆகவே ஒருவருடைய ரத்தத்தில் சி.இ.ஏ. மில்லிக்கு 4 நானோகிராம், நெஞ்சு நீரில் 300 என்றால், அது வெளியிலிருந்து கசிந்து வந்ததல்ல. அந்த நீருக்குள், சி.இ.ஏ. சுரக்கக் கூடாத ஓர் இடத்தில், அதைச் சுரக்கும் செல்கள் குடியேறியிருக்கின்றன. இந்த எளிய தர்க்கம்தான் மேடத்துக்குப் பிடிக்கும். ரத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள் என்று அவர் நச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விருதுநகர் மாவட்டத்தில் தறி நெய்யும் ஒரு பெண்மணியின் நீர் இப்படித்தான் வந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர். புகையிலை பக்கமே போகாதவர். வேறோர் இடத்தில் ஒரு முறை நீர் எடுத்து, சைட்டாலஜியில் ஒன்றுமில்லை என்று டி.பி. மருந்து தொடங்கியிருந்தார்கள். இரண்டு மாதத்தில் எடை குறைந்ததே தவிர நீர் குறையவில்லை. ஊர் டாக்டர் மறுபடி எடுத்து அனுப்பினார். இந்த முறை சீட்டில் முழு விவரமும் இருந்தது, கூடவே ரத்தமும். ஏ.டி.ஏ. 27. லிம்ஃபோசைட் மிகுதி. சைட்டாலஜியில் 'சந்தேகத்துக்குரிய சில செல்கள், உறுதியாகச் சொல்ல இயலவில்லை'. சி.இ.ஏ. ரத்தத்தில் 9. நீரில் அனலைசர் எண் எதுவும் தராமல் '1000க்கு மேல்' என்று காட்டி நின்றுவிட்டது.

அப்படி நின்றால் நீரை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்ட வேண்டும். பத்து மடங்கு நீர்த்தார்கள், எண் கிடைத்தது. மேடம் அதோடு விடவில்லை. இருபது மடங்கு நீர்த்து, பெருக்கிப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தார். ஒத்துப்போயிற்று. ஊர் டாக்டரை அழைத்தார்.

"டாக்டர், இது டி.பி. மாதிரி தெரியல. தொராக்கோஸ்கோப்பிக்கு அனுப்பிடுங்க."

"மேடம், அவங்க மதுரைக்கு வர யோசிக்கிறாங்க. மாப்பிள்ளை ஒருத்தர்தான் கூட இருக்கார்."

"மாப்பிள்ளைகிட்ட போனைக் குடுங்க."

தொராக்கோஸ்கோப்பி என்றால் விலா இடுக்கில் சிறு துளையிட்டு, குழாய்க் கேமராவை விட்டு உறையை நேரில் பார்த்து, சந்தேகமான இடத்திலிருந்து சதை எடுப்பது. 1910இல் ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் கிறிஸ்டியன் யாக்கோபியஸ் இதைத் தொடங்கிவைத்தார். இன்று கைதேர்ந்தவர்கள் செய்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விடை கிடைத்துவிடும். அந்தப் பெண்மணியின் உறையில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தன. பயாப்ஸியில் நுரையீரல் அடினோகார்சினோமா. மரபணுப் பரிசோதனையில் ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம், புகைபிடிக்காத பெண்களிடம் அதிகம் காணப்படுவது. அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஜெஃபிட்டினிப் மாத்திரை, தினம் ஒன்று. நோய் போய்விடவில்லை, ஆனால் மூச்சுத் திணறல் அடங்கியது, நீர் வற்றியது. சில மாதம் கழித்து ஊர் டாக்டர் வேறொரு சங்கதிக்காகப் பேசும்போது, தறிக்குத் திரும்பிவிட்டார் என்று சொன்னார்.

சி.இ.ஏ. நோயைக் கண்டுபிடித்துவிட்டது என்று இந்தக் கதையைச் சிலர் சொல்வதுண்டு. மேடம் ஒத்துக்கொள்வதில்லை. நோயைக் கண்டுபிடித்தது பயாப்ஸி. டி.பி. மருந்து முடியட்டும் என்று காத்திருந்த குடும்பத்தை மதுரைக்கு பஸ் ஏற்றியதுதான் சி.இ.ஏ. செய்த காரியம்.

அடுத்த வருடம் வந்த ஒரு சீட்டில் இதற்கு நேர் எதிரான கதை. இருபத்தி நாலு வயதுப் பெண். நெஞ்சிலும் நீர், வயிற்றிலும் நீர். 'எல்லா மார்க்கரும்' என்று எழுதியிருந்தது. சி.ஏ. 125 ரத்தத்தில் 600ஐத் தாண்டியது, நெஞ்சு நீரில் அதைவிட அதிகம். அறிக்கை வாட்ஸ்ஆப்பில் போன அரை மணி நேரத்தில் அந்தப் பெண்ணின் அண்ணன் நேரில் வந்து நின்றார்.

"மேடம், கூகுள்ல பார்த்தேன். ஓவரி கேன்சர்னு போட்டிருக்கு. தங்கச்சிக்குப் போன மாசம்தான் நிச்சயம் பண்ணியிருக்கோம்."

"தம்பி, முதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க. ஏ.டி.ஏ. இன்னும் வரலை. அது வரட்டும், பேசுவோம்."

ஏ.டி.ஏ. 84. வயிற்று உறையில் எடுத்த பயாப்ஸியில் காசநோய்க்குரிய கிரானுலோமா. ஆறு மாத மருந்தில் நீர் முழுக்க வற்றிவிட்டது. சி.ஏ. 125 தானாக இறங்கியது.

சி.ஏ. 125ஐ 1981இல் அமெரிக்காவின் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் சினைப்பைப் புற்றுநோய்க்கு எதிராக உருவாக்கிய ஓர் ஆன்டிபாடி மூலம் அடையாளம் கண்டார்கள். சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தவரைப் பின்தொடர அது அருமையான மார்க்கர். நெஞ்சு நீரில் போட்டுப் பார்ப்பதோ கடல் தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று லேபுக்கு அனுப்புவது மாதிரி. காரணம், அதைச் சுரப்பதே மீசோதீலியச் செல்கள்தான். உறை எதனால் நோகடிக்கப்பட்டாலும் அது கொட்டும். டி.பி.யில் கொட்டும், சீழ் பிடித்தால் கொட்டும், இதயம் தளர்ந்து நீர் கோத்தாலும் கொட்டும். ஸ்பெயினில் சில இதயநோய் மருத்துவர்கள் ரத்தத்து சி.ஏ. 125ஐ வைத்தே இதயத் தளர்ச்சியில் நீர்த்தேக்கம் எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். அப்படிப்பட்ட பொருள் நெஞ்சு நீரில் அதிகமாக இருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு பரிசோதனையும் அதற்கு ஒரு பில்லும் எதற்கு?

மற்ற மார்க்கர்களுக்கும் ஆளுக்கொரு குணம். சைஃப்ரா 21-1 என்பது சைட்டோகெரட்டின் 19 என்ற புரதத்தின் துணுக்கு, அது மீசோதீலியச் செல்லிலும் உண்டு. என்.எஸ்.ஈ. சிவப்பணுவுக்குள்ளேயே இருக்கிறது, ரத்தம் கலந்த நீரில் அணுக்கள் உடைந்தால் எண் பொய்யாக ஏறும். சி.ஏ. 19-9ஐச் சிலருடைய உடம்பு பிறவியிலேயே உற்பத்தி செய்யாது. லூயிஸ் ரத்தப்பிரிவு நெகட்டிவாக இருப்பவர்கள் அவர்கள், எவ்வளவு முற்றிய கணையப் புற்றுநோயிலும் அவர்களுக்கு எண் ஏறாது. சி.ஏ. 15-3 பரவாயில்லை.

சி.இ.ஏ., சி.ஏ. 125, சி.ஏ. 15-3, சைஃப்ரா நாலையும் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும் என்று ஸ்பெயினின் லெய்தா நகரத்தில் ஹோசே போர்செல் குழுவினர் பார்த்துவிட்டார்கள். 2004இல் வெளிவந்த அந்த ஆய்வில் 416 நோயாளிகள். புற்றுநோய் அல்லாத ஒருவர்கூடத் தாண்டாத உயரத்தில் கோடு கிழித்தார்கள். சி.இ.ஏ.வுக்கு 50, சி.ஏ. 15-3க்கு 75, சைஃப்ராவுக்கு 175. சி.ஏ. 125க்கு எங்கே கிழிக்க வேண்டியிருந்தது தெரியுமா? 2800இல். ரத்தத்தில் 35ஐத் தாண்டினாலே புருவத்தை உயர்த்துகிற பொருளுக்கு இது. அப்படிக் கிழித்த கோட்டை நாலு மார்க்கரில் ஏதாவது ஒன்றாவது தாண்டியது புற்றுநோயாளிகளில் 54 விழுக்காட்டினருக்குத்தான். ஏறத்தாழ பாதிப் பேருக்கு எதுவும் மாட்டவில்லை. ஆனால் அதே ஆய்வில், சைட்டாலஜி கைவிட்ட நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களை ஏதாவது ஒரு மார்க்கர் காட்டிக்கொடுத்தது. இரண்டு வரிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பார் மேடம். முதல் வரியை மட்டும் படித்தவர்கள் மார்க்கரே தண்டம் என்கிறார்கள், இரண்டாவதை மட்டும் படித்தவர்கள் பேக்கேஜ் விற்கிறார்கள்.

பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2010இல் வெளியிட்ட வழிகாட்டி, வழக்கமான பரிசோதனையில் மார்க்கர்களுக்கு இடமில்லை என்றே எழுதியது. அதை மேற்கோள் காட்டி ஒரு இளம் டாக்டர் மேடத்திடம் வாதாடியிருக்கிறார். நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் அந்த வழிகாட்டி எழுதப்பட்ட ஊரில் தொராக்கோஸ்கோப்பி பக்கத்து வார்டில் இருக்கிறது என்றார் மேடம். ராமேசுவரத்திலிருந்து ஒருவர் அதற்காக மதுரைக்கு வர வேண்டும், கூலியை விட வேண்டும், கூட ஒரு ஆள் வர வேண்டும். யாரை முதலில் அனுப்புவது, யாரிடம் "போயே ஆகணும்" என்று அடித்துச் சொல்வது என்பதற்கு நீரில் ஒரு சி.இ.ஏ. உதவும். எண்பது வயதில், துளையிடுவதைத் தாங்கும் அளவுக்குத் தெம்பில்லாதவர்களிடமும் அது ஓரளவு வெளிச்சம் தரும். சி.இ.ஏ. குறைவாக இருந்தால்? ஒன்றுமே சொல்லவில்லை என்று பொருள். அதை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

அனலைசர் தரும் எண்ணைச் சும்மா நம்புவதும் இல்லை. மார்க்கர் சோதனைக்கான கிட்டுகளெல்லாம் ரத்தத்தின் சீரத்துக்கும் பிளாஸ்மாவுக்கும் தயாரானவை, பெட்டிக்குள் வரும் காகிதத்தில் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். நெஞ்சு நீரின் புரத அளவு வேறு, பிசுபிசுப்பு வேறு. ஆகவே நீரில் போடுவதற்கு முன் ஆய்வகமே சோதித்துக்கொள்ள வேண்டும். சி.இ.ஏ. இல்லாத நீரில் தெரிந்த அளவு சி.இ.ஏ.வைக் கலந்து, கலந்தது அத்தனையும் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். அதிகம் உள்ள நீரை இரண்டு, நாலு, எட்டு மடங்கு நீர்த்து, எண்ணும் அதே விகிதத்தில் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். சில வகைச் சோதனைகளில் பொருள் அளவுக்கு மீறி இருந்தால் ஆன்டிபாடிகள் திணறிப்போய் எண் குறைவாகவே வரும். புதிய அனலைசர்களில் இது அபூர்வம் என்றாலும், நீர் ஒன்று சொல்லி எண் வேறு சொன்னால் நீர்த்துப் பார்த்துவிடுவது மேடத்தின் வழக்கம். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை விழுங்குகிறவர்களின் ரத்தத்தில் சில கிட்டுகள் தடுமாறும் என்பதால், அதையும் கேட்டுவிடச் சொல்வார்.

ஆய்வகத்து சாஃப்ட்வேரில் ஒரு வேடிக்கை இருந்தது. நெஞ்சு நீரின் சி.இ.ஏ. பக்கத்தில் ரத்தத்துக்கான இயல்பு அளவைத் தானாகப் போட்டு, 5ஐத் தாண்டிய எதையும் தடித்த எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி வைக்கும். நீருக்கென்று அப்படி ஓர் இயல்பு அளவு கிட்டில் கிடையாது. மேடம் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு அந்த அம்பை எடுக்கவைத்தார். இப்போது எண்ணுக்குக் கீழே, ஏ.டி.ஏ., செல் கணக்கு, ரத்தத்து சி.இ.ஏ. மூன்றையும் சேர்த்துப் பார்த்து அவரே இரண்டு வரி எழுதுகிறார். சீழ் பிடித்த நீராக இருந்தால் சி.இ.ஏ.வே போட மாட்டார், போடுங்கள் என்று டாக்டர் வற்புறுத்தினால் அறிக்கையில் எச்சரிக்கை ஒன்றை எழுதுவார். நிமோனியாவைத் தொடர்ந்து சீழாகும் நீரில் புற்றுநோய் இல்லாமலே சி.இ.ஏ. ஏறும்.

குறைந்த சி.இ.ஏ. ஒன்றும் சொல்லாது என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சைட்டாலஜியில் புற்றுநோய்ச் செல்கள் தெரிகின்றன, அவை எங்கிருந்து வந்தவை என்று தெரியவில்லை, நீரில் சி.இ.ஏ. ஒன்றுக்கும் கீழே. அப்போது மீசோதீலியோமாவை நினைக்க வேண்டும், மீசோதீலியச் செல் சி.இ.ஏ. சுரக்காது என்ற அதே காரணத்தால். பல வருடம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுக்கும் வேலையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் நீர் அப்படி வந்தது. நோயாளி என்ன வேலை பார்த்தார் என்று சீட்டில் எழுதியிருந்த அந்த டாக்டரை மேடம் இன்றும் பாராட்டுகிறார். பயாப்ஸியில் மீசோதீலியச் செல்லைக் காட்டும் கால்ரெட்டினின் சாயம் பாசிட்டிவ், மீசோதீலியோமா உறுதியானது.

எல்லா மார்க்கரையும் போடச் சொல்கிறவர்களிடம் மேடம் இப்போது கணக்குப் போட்டுக் காட்டுகிறார். நாலு மார்க்கருக்கு ஆகும் பணத்தில் ஐம்பது மில்லி நீரைச் சுழற்றி, அடியில் தங்கும் செல்களை மெழுகுக் கட்டியாக்கி, இரண்டு மூன்று ஆன்டிபாடி சாயம் போட்டுப் பார்க்கலாம். செல் பிளாக் என்பது இதுதான். டி.டி.எஃப்-1 ஏறினால் நுரையீரல், கேட்டா-3 ஏறினால் மார்பகம் என்று செல்லே தன் பிறந்த ஊரைச் சொல்லும். சி.இ.ஏ. அதைச் சொல்லாது. நுரையீரல், மார்பகம், வயிறு, குடல் எதிலிருந்து வந்தாலும் அது ஏறும்.

சுழற்றிய பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீரை முன்பெல்லாம் ஸிங்க்கில் ஊற்றிவிடுவார்கள். இப்போது அதற்கும் மதிப்பு வந்துவிட்டது. அழிந்த புற்றுநோய்ச் செல்கள் விட்டுப்போன டி.என்.ஏ. அதில் மிதக்கிறது, ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்தை அதிலேயே தேடலாம். மேடத்தின் ஆய்வகத்தில் ஃப்ரீசரின் ஒரு தட்டு அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது. விடை கிடைக்காத நீர் எதையும் அங்கே யாரும் கொட்டுவதில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது நெஞ்சில் நீர் கோத்து, ஊசி போட்டு எடுக்கிறார்கள் என்றால், ஐம்பது மில்லியையாவது சைட்டாலஜிக்கும் செல் பிளாக்குக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதே நாள் ரத்தமும் போகட்டும். சி.ஏ. 125 என்ற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். காசநோய் என்று நிரூபணம் இல்லாமலே அதற்கான மருந்தைத் தொடங்கினால், நீர் குறைகிறதா என்று எந்தத் தேதியில் மறுபடி எக்ஸ்ரே எடுப்பீர்கள் என்று கேட்டு, அந்தத் தேதியை மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.